பழைய சாமான் கடையில் குளிர் கோட்டு வாங்கலாமா?

கேள்வி, 19 ஒக்ரோபர் 2024

"திருச்சியிலிருந்து ஆகஸ்ட் கடைசியில் கனடாவில் ஸ்காபரோவுக்குப் படிக்க வந்தேன். குளிருக்கு நல்ல கோட் புதிதாக வாங்கப் போனால் 350 டாலர் என்கிறார்கள். அறைத் தோழன் ஒரு பெரிய பழைய துணிக் கடையில் 30 டாலருக்கு வாங்கி வந்தான், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அம்மாவிடம் சொன்னால், செத்தவங்க துணியா இருக்கும், தொடாதே என்கிறாங்க. வாங்கலாமா? வாங்கினால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?"

19 ஒக்ரோபர், இரவு

வாங்குங்கள் தம்பி. 35 வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், என் குளிர் கோட்டுகளில் புதிதாகக் கடையில் வாங்கியது ஒன்றே ஒன்று. அதுதான் முதலில் கிழிந்தது.

இப்போதே போங்கள், நவம்பர் பாதி வரை காத்திருக்காதீர்கள். முதல் பனி விழுந்த சனிக்கிழமை அந்தக் கடைகளில் கோட்டு வரிசை மொட்டையாகிவிடும். வார நாள் காலையில் போனால் நிதானமாகப் பார்க்கலாம்.

கோட்டின் உள்ளே இடுப்பருகே ஒரு சிறு துணித் துண்டு தைத்திருக்கும். அதில் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் உள்ளே என்ன அடைத்திருக்கிறது என்று எழுதியிருக்கும். 'டவுன்' என்று இருந்தால் வாத்து அல்லது தாராவின் மென்தூவி. சங்க காலத்தில் அன்னத்தின் தூவியால் மெத்தை செய்தார்கள் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள், அதே சங்கதிதான். 80 பங்கு தூவி, 20 பங்கு இறகு என்று இருந்தால் நல்ல கோட்டு. பொலியெஸ்டர் அடைத்ததும் பரவாயில்லை, ஈரம் பட்டாலும் சூடு தரும், ஆனால் கனமும் பருமனும் கூட.

துண்டை வாசித்த பிறகு கையால் பாருங்கள். ஒரு கட்டத்தைப் பிடித்து அழுத்திவிட்டு விடுங்கள். மெல்ல உப்பி எழ வேண்டும். உள்ளே உருண்டை உருண்டையாகத் தட்டுப்பட்டால் யாரோ தப்பாகக் கழுவியிருக்கிறார்கள். ஜிப்பைக் கீழிருந்து மேல் வரை இரண்டு தரம் இழுங்கள். ஜிப் மாற்றத் தையல்காரரிடம் கொடுத்தால் கோட்டின் விலையைவிட அதிகம் கேட்பார். அக்குளை முகர்ந்து பாருங்கள். கூச்சப்படாதீர்கள், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். பைகளுக்குள் கை விட்டு அடி கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். இடுப்புக்குக் கீழே இறங்க வேண்டும், தொப்பி கோட்டோடு சேர்ந்திருக்க வேண்டும், உள்ளே ஒரு தடித்த கம்பளிச் சட்டை போட்ட பிறகும் கை தூக்க முடிய வேண்டும்.

இப்போது பல கடைகளில் உடுப்பு மாற்றிப் பார்க்கும் அறை கிடையாது. அதனால் அந்தக் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டே போங்கள். ஒரு அளவு நாடாவும் கையில் இருக்கட்டும். வீட்டில் உங்களுக்குப் பொருந்தும் சட்டையை அக்குளிலிருந்து அக்குள் வரை அளந்து எழுதி வைத்தால் அளவு எண்ணை நம்பத் தேவையில்லை.

நீங்கள் கொடுக்கும் காசு தருமத்துக்கும் போகிறது என்று அம்மாவிடம் சொல்லுங்கள், கொஞ்சம் சமாதானமாவார்.

20 ஒக்ரோபர்

முக்கியமானதை நேற்று விட்டுவிட்டேன். மூட்டைப்பூச்சி. ரொறன்ரோ அடுக்குமாடிகளில் இது பெரிய தலையிடி. கடையிலேயே தையல் மடிப்புகளையும் கழுத்துப் பட்டியின் உட்புறத்தையும் விரித்துப் பாருங்கள், மிளகுத் தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளி இருந்தால் அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். வாங்கியதை வீட்டுக் கட்டிலில் போடக் கூடாது. பையைக் கட்டியபடியே துணி உலர்த்தும் மெசினுக்குக் கொண்டுபோய், அதிக சூட்டில் அரை மணி நேரம் ஓட விடுங்கள். பூச்சியும் முட்டையும் செத்துவிடும்.

22 ஒக்ரோபர்

மேலே எழுதியதைத் திருத்துகிறேன். ஒருவர் தனிச் செய்தியில் கேட்டார், கம்பளிக் கோட்டையும் அப்படிப் போடலாமா என்று. போடக் கூடாது! ஈரக் கம்பளி அதிக சூட்டில் சுற்றினால் பிள்ளையின் கோட்டாகச் சுருங்கிவிடும். தூவிக் கோட்டின் வெளித்துணி மெல்லிய நைலோன், அதுவும் அதிக சூட்டைத் தாங்காது. அரை மணி சூடு பருத்திக்கும் ஜீன்சுக்கும் பொலியெஸ்டருக்கும்தான்.

கம்பளிக்கும் தூவிக்கும் எதிர் வழி. காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பையில் கட்டி, பிரீசரில் மைனஸ் 18 பாகையில் நான்கு நாள் முழுக்க வையுங்கள். கம்பளியைத் தின்னும் அந்துப்பூச்சிக்கும் இதே மருந்து. பிரீசரில் இடமில்லாவிட்டால் மீன் பொதியை வெளியே எடுத்துச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு இடம் பண்ணுங்கள்.

26 ஒக்ரோபர்

அம்மா சொன்னதுபற்றி எழுத வேண்டும் என்று நாலு நாளாக மனதில் இருக்கிறது.

1989 டிசம்பரில் நான் வந்து இறங்கியபோது உடம்பில் ஒரு பருத்திச் சட்டையும் கொழும்பில் வாங்கிய மெல்லிய கார்டிகனும்தான். ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுனில் ஒரு அறையில் ஐந்து பேர். மூன்றாம் நாள், அதே மாடியில் இருந்த அக்கா ஒருவர் என்னைப் பக்கத்துத் தேவாலயத்தின் நிலவறைக்குக் கூட்டிப் போனார். நீள மேசைகளில் உடுப்பு மலை போலக் குவிந்திருந்தது. அவர் ஒரு கரும்பச்சைக் கோட்டை இழுத்து எடுத்து என் தோளில் போட்டார். மூன்று டொலர். பைக்குள் ஒரு பழைய பஸ் ரிக்கெற்றும் இனிப்புச் சுற்றிய கடதாசியும் இருந்தன. அந்தக் கடதாசியைப் பார்த்துத்தான் இது யாரோ ஒருவருடையது என்று எனக்கு உறைத்தது. யார், எங்கே போனார், ஏன் கொடுத்தார்? பஸ்ஸில் வரும்போது முழுக்க அதையே யோசித்தேன். வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போதுதான் கவனித்தேன், இந்த ஊருக்கு வந்து முதல் தரம் எனக்குக் குளிரவில்லை.

யாழ்ப்பாணத்தில் இருந்த அம்மாவுக்குக் கடிதத்தில் எழுதினேன். பதில் வர இரண்டு மாதம். "யார் போட்டதோ, மஞ்சள் தண்ணி தெளித்துவிட்டுப் போடு" என்று எழுதியிருந்தா. தெளித்தேன். கழுத்துப் பட்டியில் ஒரு மஞ்சள் கறை கடைசிவரை இருந்தது, ஆறு குளிர்காலம்.

ஆகவே தம்பி, உங்கள் அம்மா சொல்வதில் உண்மை உண்டு. செத்தவர்களின் உடுப்பும் அந்தக் கடைக்கு வருகிறது. வீடு காலி செய்யும் பிள்ளைகள் அலுமாரியோடு கொண்டுவந்து கொடுக்கிறார்கள். ஆனால் வளர்ந்த பிள்ளையின் உடுப்பு வருகிறது, உடம்பு மெலிந்தவரின் உடுப்பு வருகிறது, விலைத் துண்டே கழற்றாத உடுப்பும் வருகிறது. எது எது என்று துணி சொல்லாது. மஞ்சள் தண்ணி தெளிக்கச் சொல்லுங்கள், அவருக்கும் நிம்மதி.

27 ஒக்ரோபர்

விலைத் துண்டில் உள்ளது முழு விலை இல்லை. ஒன்ராறியோவில் பல கடைகளில் பழைய சாமானுக்கும் 13 வீத வரி உண்டு. பிள்ளைகளின் உடுப்புக்கும் சப்பாத்துக்கும் மட்டும் 5 வீதம். பில்லை வாசலிலேயே வாசியுங்கள்.

2 நவம்பர்

இன்று கேள்விக்கு வெளியே போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹலோவீனுக்கு முந்திய இரண்டு வாரமும் அந்தக் கடை முழுவதும் வேட உடுப்பாக மாறிவிடும். போன சனி நானும் போயிருந்தேன், திரைச்சீலை தேடி. திரைச்சீலைக் கம்பியில், பூப்போட்ட இரண்டு படுக்கை விரிப்புகளுக்கு நடுவே, ஒரு கூறைச்சீலை தொங்கிக்கொண்டிருந்தது. குங்குமச் சிவப்பு. ஆறு விரல் அகலச் சரிகைக் கரை. கம்பியில் குறுக்கே மடித்துப் போட்டு, இரும்புக் கிளிப் கொழுவியிருந்தார்கள். 12.99.

நான் கையில் எடுத்தபோது பக்கத்தில் நின்ற இளம் பெண், "இதை வெட்டினால் நல்ல ராணி வேடம் வரும்" என்று தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளில் குற்றம் இல்லை, அவளுக்கு அது சிவப்புத் துணி. எனக்கு அந்தப் பாரம் கையில் ஏறியதும் கால் நகரவில்லை. பட்டின் பாரம் தெரியும்தானே, ஈரத் துவாய் மாதிரி இருக்கும். முந்தானையை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனேன். சந்தனமும் பூச்சி உருண்டையும் கலந்த வாசனை. ஓரத்தில் ஒரு எண்ணெய்ப் பொட்டு. குத்துவிளக்கு ஏற்றும்போது பட்டதாக இருக்கலாம்.

வாங்கிவிட்டேன். வாங்கிய பிறகு இரண்டு நாள் நித்திரை இல்லை. ஒரு மனம் சொல்கிறது, யாரோ ஒரு அம்மா போய்ச் சேர்ந்துவிட்டா, இங்கே பிறந்த பேரப்பிள்ளைகளுக்கு அது என்னவென்று தெரியாது, மூட்டையோடு கொடுத்துவிட்டார்கள். இன்னொரு மனம் சொல்கிறது, அவ இருக்கிறா, அந்தக் கலியாணத்தைத் தானே கொண்டுவந்து பெட்டியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறா. இரண்டாவது சரி என்றால் அதை நான் தூக்கி வந்து பத்திரமாக வைப்பது அவவுக்குப் பிடிக்குமா?

தெரிந்த ஒருவர், வெட்டிப் பாவாடை தைத்தால் மகளுக்கு ஆகும் என்றார். என்னால் கத்தரிக்கோலை எடுக்க முடியவில்லை.

3 நவம்பர்

சீலை அசல் என்று எப்படித் தெரியும் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். சரிகை நூல் ஒன்றின் நுனியை ஊசியால் மெல்லச் சுரண்டினேன். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தது. காஞ்சிபுரத்து நல்ல சரிகை சிவப்புப் பட்டிழையில் வெள்ளிக் கம்பி சுற்றிப் பொன்பூச்சு இட்டது. வெள்ளையோ வேறு நிறமோ தெரிந்தால் பெரும்பாலும் போலிச் சரிகை. பட்டுக்கு, ஓரத்தில் தொங்கும் ஒரு இழையைக் கிள்ளி எரித்துப் பாருங்கள். மயிர் கருகும் மணம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பொலியெஸ்டர் உருகி மணியாக இறுகும். கடைக்குள் எரிக்காதீர்கள்!

9 நவம்பர்

சமையல் சாமான் பக்கம் போகாமல் கோட்டோடு திரும்பி வருகிறவர்களுக்காக இது. என்னைக் கேட்டால் அந்தக் கடையின் உண்மையான இலாபம் அங்கேதான். கோட்டு ஒரு குளிர்காலத்துக்கு முக்கியம், இரும்புச் சட்டி பேரப்பிள்ளைக்கும் போகும்.

அம்மா 1996இல் வந்து சேர்ந்தா. மஞ்சள் தண்ணி தெளிக்கச் சொன்ன அதே அம்மா. நான் வேலைக்குப் போன பிறகு பஸ் பாஸ் எடுத்துக்கொண்டு தனியே பழைய சாமான் கடைக்குப் போக ஆரம்பித்துவிட்டா. உடுப்புப் பக்கம் திரும்பியும் பார்க்க மாட்டா. "இரும்பில தீட்டு இல்லை" என்பா. ஒரு நாள் துரு ஏறிய வட்டத் தட்டையான வார்ப்பிரும்பு ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தா. கைபிடி உண்டு, விளிம்பு விரற்கடை உயரம்தான். நாலு டொலர். வெள்ளைக்காரர் அதில் அப்பம் போல ஒன்று சுடுவார்கள். அம்மா கண்டது தோசைக்கல்.

வினாகிரியும் தண்ணீரும் சம அளவில் கலந்து அரை மணி ஊறவைத்து, கம்பித் தும்பால் தேய்த்தோம். துரு போனதும் உடனே அடுப்பில் காய வைக்க வேண்டும், ஈரம் நின்றால் கண்முன்னே மறுபடி துரு பிடிக்கும். பிறகு எண்ணெய் பூசித் துடைத்து, துடைத்தது போதாது என்று இன்னொரு தரம் துடைத்து, அவணில் கவிழ்த்து வைத்து நல்ல சூட்டில் ஒரு மணி நேரம். இதை மூன்று தரம். அதன் பிறகு அம்மா தன் வழிக்கு வந்தா. பாதி வெங்காயத்தை முள்ளுக் கரண்டியில் குத்தி, நல்லெண்ணெயில் தோய்த்துக் கல்லில் தேய்த்துத் தேய்த்துப் பழக்கினா. முதல் நாலு தோசை ஒட்டியது. ஐந்தாவது தானாகக் கழன்று வந்தது. அந்தக் கல் இன்றும் என் அடுப்பில் இருக்கிறது, அம்மா இல்லை.

மற்றது, வெள்ளையில் நீலச் சிறு பூப் போட்ட கோர்னிங்வெயார் சட்டிகள். 1958இல் வந்தவை. கோர்னிங் ஆய்வுகூடத்தில் ஸ்டூக்கி என்பவர் கண்ணாடித் துண்டு ஒன்றைச் சூடாக்க வைத்தபோது உலை அளவுக்கு மீறிக் கொதித்துவிட்டது. உருகியிருக்கும் என்று திறந்தால் வெள்ளையாக மாறியிருந்தது. எடுக்கும்போது கை தவறி விழுந்தது, உடையவில்லை. அதிலிருந்து பிறந்த சட்டி. பழைய ரகத்தைப் பிரீசரிலிருந்து எடுத்து நேரே அவணில் வைக்கலாம். கோரெல் என்ற கண்ணாடித் தட்டும் எடுங்கள், 1970இலிருந்து வருவது, மெல்லியது, பாரமில்லை, விழுந்தாலும் இலேசில் உடையாது. எங்கள் ஆட்களின் வீடுகளில் அது இல்லாத வீடு குறைவு.

10 நவம்பர்

கோரெல்பற்றி நான் எழுதியதைப் பார்த்து மகள் தொலைபேசியில் சண்டைக்கு வந்துவிட்டாள், சரியான சண்டை. 2005க்கு முந்திய பூப்போட்ட கோரெல் தட்டுகளை அலங்காரத்துக்கு மட்டும் வைக்கும்படி அந்தக் கம்பனியே சொல்லியிருக்கிறது, பூவின் வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால். ஆகவே பழைய பூத் தட்டு வேண்டாம். பூவே இல்லாத வெள்ளைத் தட்டை எடுங்கள். எங்கள் வீட்டுப் பச்சைப் பூத் தட்டுகளை நேற்று இரவே அலுமாரி மேல்தட்டில் ஏற்றிவிட்டேன்.

இரும்புச் சட்டியிலும் ஒரு எச்சரிக்கை. மீன் தூண்டிலுக்கு ஈயக் குண்டு உருக்குகிறவர்கள் பழைய வார்ப்பிரும்புச் சட்டியைத்தான் பாவிப்பார்கள். உள்ளே மங்கிய வெள்ளிப் பூச்சுப் போலத் திட்டுகள் இருந்தால் எடுக்காதீர்கள்.

மின்சாமானுக்கு ஒரே சொல்தான். கடைச் சுவரில் செருகிப் பார்க்காமல் வாங்காதீர்கள். அடித் தகட்டில் 120 வோல்ற் என்று இருக்க வேண்டும். ஊரிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த கிரைண்டர்கள் அந்தக் கடைத் தட்டுகளில் நிறையக் கிடக்கின்றன, 230 வோல்ற். இங்கே சும்மா முனகும்.

17 நவம்பர்

காசு தருமத்துக்குப் போகிறது என்று முதல் நாள் எழுதியிருந்தேன். அது எல்லாக் கடைக்கும் பொருந்தாது என்று இருவர் சுட்டிக் காட்டினார்கள். நான் இத்தனை வருடம் சரியாக விசாரிக்காமல் இருந்தது பிழை.

பெரிய கடைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கடையே தரும நிறுவனத்தினுடையது. சல்வேஷன் ஆர்மி கடைகள் அப்படி. ஊரில் இரட்சணிய சேனை என்போமே, அதே சேனைதான். குட்வில்லும் அப்படி. 1902இல் பொஸ்ரனில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற போதகர் பணக்கார வீதிகளில் சாக்கோடு போய்ப் பழைய சாமான் சேர்த்து, வேலையில்லாதவர்களை வைத்துத் திருத்தி விற்றதில் தொடங்கியது. வாங்கியவருக்கும் மலிவு, திருத்தியவருக்கும் கூலி. ரொறன்ரோவிலும் ஒன்ராறியோவின் வேறு சில ஊர்களிலும் அதன் 16 கடைகள் 2016 ஜனவரியில் ஒரே நாளில் பூட்டப்பட்டன.

இரண்டாவது வகை இலாபக் கம்பனி. வலியு வில்லேஜ் இந்த வகை. 1954இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கி, 1980இல் கனடாவுக்கு வந்து, 2023 ஜூனில் நியூயோர்க் பங்குச் சந்தையில் இறங்கிய நிறுவனம். தரும அமைப்புகள் சேர்த்துக் கொடுக்கும் சாமானுக்கு எடைக் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறது. ஆகவே நீங்கள் சாமானைக் கொடுக்கும்போது ஒரு பங்கு தருமத்துக்குப் போகிறது, வாங்கும்போது கொடுக்கும் காசு கம்பனிக்கு. இதை மக்களுக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்று வாஷிங்டன் மாநில அரசு 2017இல் வழக்குப் போட்டது. 2023இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் கம்பனிக்குச் சார்பாகத் தீர்ப்புச் சொன்னது.

இதனால் அங்கே வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தருமம் என்று நினைத்து விலையைக் கேட்காமல் விடக் கூடாது. வியாபாரம் என்றால் வியாபாரக் கண்ணோடு பாருங்கள். அம்மாவிடம் சொல்லியிருந்தால் தம்பி, திருத்திச் சொல்லிவிடுங்கள்.

24 நவம்பர்

விலை ஏறிவிட்டது என்று பலர் கோபப்பட்டிருக்கிறீர்கள். எனக்கும் கோபம்தான். போன கிழமை ஒரு கடையில் மெல்லிய ரீசேட் ஒன்று 9.99. அதே ரீசேட் புதியது மலிவுக் கடையில் 12 டொலர். இரண்டு தரம் கழுவினால் முறுகிப் போகும் துணிக்கு அது என்ன விலை?

ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தபோது ஒன்று விளங்கியது. விலை போடுகிறவர் ஒரு நிமிடத்தில் பல உடுப்புகளைத் தள்ளிவிட வேண்டியவர். அவர் பார்ப்பது பெயரையும் புதுப் பொலிவையும். துணி என்னவென்று பார்க்க அவருக்கு நேரமில்லை. அதே நாள் அதே கம்பியில், பெயர் அழிந்த ஒரு ஆண்கள் சுவெற்றர், முழு மெரினோ கம்பளி, 7.99. புதியது நூறு டொலருக்குக் குறையாது. அதனால் நான் இப்போது விலைத் துண்டைக் கடைசியில்தான் பார்க்கிறேன். முதலில் கம்பி நீளத்துக்குக் கையை ஓட விட்டு நடக்கிறேன். கம்பளி, பட்டு, லினன், தடித்த பருத்தி, எல்லாம் விரலுக்குத் தெரியும். விரல் நின்ற இடத்தில்தான் கண்ணாடி போட்டு வாசிப்பேன்.

வாங்கி மறுபடி விற்கிறவர்களைத் திட்டுகிறீர்கள். வண்டில் வண்டிலாக அள்ளுவதைப் பார்த்தால் எனக்கும் எரிகிறது, அதுவும் பிள்ளைகளின் குளிர் உடுப்பை. ஆனால் எங்கள் மாடியில் ஒரு தாய், கைக்குழந்தையோடு வேலைக்குப் போக முடியாமல், பழைய ஜீன்ஸ் வாங்கிக் கழுவித் தைத்து விற்றுத்தான் வாடகையில் பாதி கட்டுகிறா. அவவை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

1 டிசம்பர்

சப்பாத்து. இதை முன்னமே எழுதியிருக்க வேண்டும்.

பத்து வருடத்துக்கு முன் கணவருக்குப் பனி நடைச் சப்பாத்து ஒன்று எடுத்தேன். தோல் பளபளவென்று, அடி தேயவே இல்லை, யாரோ ஒரு தரம்தான் போட்டிருப்பார்கள். 15 டொலர். மூன்றாம் நாள் பஸ் தரிப்பில் அடி முழுவதும் பழைய கேக் மாதிரிப் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. மனிதர் காலுறையோடு பனியில் நின்றார். பொலியூரித்தேன் என்ற நுரைப் பொருளில் செய்த அடி அப்படித்தான். காற்றிலுள்ள ஈரம் மெல்ல மெல்ல அதை உடைத்துவிடும், பெட்டிக்குள் சும்மா இருந்தாலும். புதுசு போலத் தெரிவதுதான் ஆபத்து. வாங்க முன் அடியை நன்றாக வளையுங்கள், ஓரத்தில் நகத்தால் அழுத்துங்கள். வெடிப்போ தூளோ பிசுபிசுப்போ இருந்தால் வேண்டாம்.

ரப்பர் அடி வேறு. 'சொரெல்' பனிச் சப்பாத்தில் கனடாவில் செய்தது என்று எழுதியிருந்தால், கிச்சனர் நகரில் இருந்த கோஃப்மன் தொழிற்சாலைக் காலத்தது. 2000இல் அந்தக் கம்பனி முறிந்து பெயரைக் கொலம்பியா என்ற அமெரிக்க உடுப்புக் கம்பனி வாங்கிக்கொண்டது. அப்படி ஒன்று ரப்பர் வெடிக்காமல் கிடைத்தால் விடாதீர்கள், உள்ளே போடும் கம்பளி உறை மட்டும் புதிதாக வாங்கிக்கொள்ளலாம்.

8 டிசம்பர்

ஊரிலிருந்து பேரப்பிள்ளை பார்க்க வரும் அம்மம்மாக்கள் யாராவது வீதிச் சந்தையிலோ வீட்டு வாசல் விற்பனையிலோ குழந்தை நடை வண்டி கண்டால், சக்கரம் வைத்து நடுவில் பிள்ளையை இருத்துவதைச் சொல்கிறேன், தயவுசெய்து வாங்காதீர்கள். கனடாவில் 2004 ஏப்ரலிலிருந்து அதை விற்பதே தடை, பழையதும் சேர்த்து. பிள்ளைகள் படியில் உருண்டு மண்டை உடைந்ததால் வந்த சட்டம். 1986 செப்ரெம்பருக்கு முன் செய்த தொட்டில் கட்டிலும் விற்கக் கூடாது. பக்கம் இறங்கும் கட்டில் 2016 கடைசியிலிருந்து தடை. காரில் பிள்ளை இருத்தும் ஆசனத்துக்குக் காலாவதித் திகதி அச்சடித்திருக்கும். விபத்தில் பட்டதா என்று கண்ணுக்குத் தெரியாது. இந்த ஒரு சாமானில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

12 ஜனவரி 2025

செத்தவர்களின் உடுப்பு என்ற பேச்சு மறுபடி வந்திருக்கிறது. எனக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது.

எங்கள் கடைகளில் விலைப்படாத உடுப்பு குப்பைக்கு மட்டும் போவதில்லை. பெரும் பொதிகளாக இறுக்கிக் கப்பலில் ஏறுகிறது. குஜராத்தின் காண்ட்லாவில் அதைத் தரம் பிரிக்கும் தொழிற்கூடங்கள் இருக்கின்றன. கம்பளியானால் பானிபட்டில் கிழித்து நாராக்கி, மறுபடி நூற்று, போர்வையாக நெய்கிறார்கள். அனர்த்த நிவாரணத்தில் கொடுக்கும் கரடுமுரடான போர்வைகளில் நிறைய அங்கே நெய்தவை. நான் மூடிப் படுத்த ஒரு சாம்பல் போர்வையை நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு பங்கு கானாவுக்குப் போகிறது. அக்ரா நகரில் கன்டமன்ரோ என்று பெரிய பழைய உடுப்புச் சந்தை. அந்த ஊர் மொழியில் இந்த உடுப்புக்குப் பெயர் 'ஒப்ரோனி வாவு', செத்த வெள்ளைக்காரரின் உடுப்பு. இவ்வளவு நல்ல உடுப்பை உயிரோடு இருக்கும் ஒருவர் கொடுத்திருப்பாரா என்ற யோசனையில் வந்த பெயர் என்கிறார்கள். உங்கள் அம்மா திருச்சியில் இருந்து சொன்னதும் என் அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதியதும் அக்ராவில் ஒரு சந்தைக்குப் பெயராகவே இருக்கிறது! புத்தாண்டு நாள் இரவு அந்தச் சந்தையில் தீப்பிடித்து ஆயிரக்கணக்கான கடைகள் எரிந்துபோயின. தைத்துத் திருத்தி விற்றுப் பிழைத்தவர்களின் தையல் மெசின்களும் போயின. படத்தைப் பார்த்த நாளிலிருந்து, கொடுக்கும் பையில் கிழிந்ததையும் கறைபட்டதையும் போடுவதை நிறுத்திவிட்டேன். எங்கள் குப்பையைக் கூட்டும் செலவு அவர்களுக்கு. கிழிந்ததை வீட்டிலேயே துடைக்கும் துணியாக்கலாம்.

19 ஜனவரி

தம்பி எழுதியிருக்கிறார். கடுநீலத் தூவிக் கோட்டு, 34.99, வரியோடு 39.54. நான்கு நாள் பிரீசரில் இருந்ததாம், அறைத் தோழனின் ஐஸ்கிரீம் பால்கனியில் இருந்ததாம். இந்தக் குளிரில் அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது. வாங்கி இரண்டு கிழமை கழித்துத்தான் வீட்டுக்குச் சொன்னாராம். அம்மா வீடியோவில் கோட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "கை நீளமா இருக்கே, மடிச்சுத் தைக்கணும்" என்று மட்டும் சொன்னாராம். மகிழ்ச்சி.

சீலை என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்கு: என் அலுமாரியில்தான் இருக்கிறது. தைப்பொங்கலுக்கு எடுத்து நிழலில் காற்றாட விட்டு, பழைய மடிப்பு விழுந்த இடத்தில் மடிக்காமல் வேறு கணக்கில் மடித்து, பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வைத்தேன். ஒரே மடிப்பில் கிடந்தால் சரிகை முறியும். எண்ணெய்ப் பொட்டை எடுக்கவில்லை. உடுத்துவேனா தெரியாது.

கோட்டுக்கு ஒரு கடைசிக் குறிப்பு, ஏப்ரலில் தேவைப்படும். ஜிப்பைப் பூட்டி, முன்பக்கம் திறக்கும் மெசினில், மென்மையான சவர்க்காரம் கொஞ்சமாகப் போட்டுத் தனியே கழுவுங்கள். ட்ரையரில் மிகக் குறைந்த சூட்டில் இரண்டு சுத்தமான ரெனிஸ் பந்துகளோடு போடுங்கள், தூவி கட்டிபடாமல் அவை அடித்து உதிர்க்கும். இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும், நடுவே எடுத்து உதறுங்கள். காய்ந்துவிட்டது என்று நினைத்த பிறகும் அரை மணி ஓட விடுங்கள்.

பைக்குள் ஒற்றைக் கையுறை இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். இடது மார்புப் பக்கம் உள்ளே ஒரு ஜிப் பை இருக்கும், அதையும் ஒரு தரம் திறந்து பாருங்கள். மற்றது அங்கே இருக்கலாம்.